நாற்பத்தோரு எண்கள்

ஐம்பத்துநாலா, நாற்பத்தைந்தா? நாச்சிமுத்துவுக்கு இந்த உலகத்தில் இப்போது வேறு எதுவும் தெரிய வேண்டியதில்லை. பத்து புள்ளி பத்து புள்ளி ஒன்று புள்ளி, அதுவரைக்கும் சந்தேகமில்லை. அதற்கப்புறம் வருகிற கடைசி எண்தான் நழுவிப் போய்விட்டது. முப்பத்தைந்து நிமிஷத்துக்கு முன்னால் அவனே அடித்த எண். அடித்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்து, சேமிக்கச் சொல்லி அழுத்திய விரல் இதோ இருக்கிறது, விரலைக் கேட்டால் சொல்லவா போகிறது. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தால் தீர்ந்தது. எழுதவில்லை. எழுதி வைத்துக்கொள்கிறவன் தெரியாதவன், தெரிந்தவனுக்கு எதற்குச் சீட்டு என்பது நாற்பத்தேழு வயதுவரை நாச்சிமுத்து கட்டிக்காத்து வந்த கொள்கை. அந்தக் கொள்கை இன்று மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு அவனை நட்டாற்றில் விட்டுவிட்டது. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது, கணபதி பகுதியில் முன்பு குடியிருந்த வாடகை வீட்டை நினைத்துக்கொண்டுதான் அந்த எண்ணை அடித்தான். மறக்காமல் இருக்குமாம். அந்த வீட்டு வாசலில் இரண்டு தகடு இருந்தது, பழைய எண் ஒன்று, புது எண் ஒன்று. ஒன்று ஐம்பத்துநாலு, மற்றது நாற்பத்தைந்து. எது பழையது எது புதியது என்று தபால்காரருக்கே கடைசிவரை பிடிபடவில்லை, அந்த வீட்டை நினைத்துத்தான் இந்தப் புத்திசாலி ஞாபகத்துக்கு வழி பண்ணிக்கொண்டான்.

அவன் உட்கார்ந்திருப்பது கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் ஆபீசில், கீழ்த்தளத்து ஆபரேட்டர் அறையில், இரும்பு அலமாரிக்கு முன்னால், பிளாஸ்டிக் ஸ்டூலில். அலமாரிக்குள்ளே ஒரு கறுப்புப் பெட்டி, பீரோவில் வைக்கிற நகைப்பெட்டி அளவுதான் இருக்கும். ஆபீசின் நாற்பத்திரண்டு போன்களுக்கும் அதுதான் உயிர். மூன்று மாசத்துக்கு முன்னால் வந்தது. அதற்கு முன்பிருந்த பெட்டியை நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவான். இந்தப் பெட்டியை அவன் தூசி தட்டக்கூடத் திறந்ததில்லை. இப்போது ஆபீசுக்குப் புதிய இணைய இணைப்பு வந்திருக்கிறது, அதனால் எல்லாக் கருவிகளுக்கும் ஐ.பி. எண்களை, அதாவது ஒன்றையொன்று கண்டுபிடிப்பதற்கு வைத்திருக்கிற விலாசங்களை மாற்ற வேண்டும். போன் பெட்டியை விற்ற கம்பெனி ஆளை வரச்சொல்லலாமா என்று செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் கேட்டார்கள். முதலாளி இருந்தார், மேனேஜர் தேவசேனாபதி இருந்தார். "எதுக்குங்க சார், நானே பண்ணிப்போடறேன்" என்றான் நாச்சிமுத்து. யாரும் அவனைக் கேட்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் பத்துத் தடவை எழுதினவன்தான். பெட்டியை மாட்டிவிட்டுப் போன இன்ஜினீயர் போகிறபோது, "சார், எப்பவாவது விலாசம் மாத்தறதா இருந்தா, முதல்ல" என்று ஆரம்பித்தார். "தெரியுமுங்க" என்று இவன் சொல்லிவிட்டான். அவரும் தெரிந்தவருக்குச் சொல்லுவானேன் என்று நிறுத்திக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். முதல்ல என்ன என்பது நாச்சிமுத்துவுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. முதலில் போன்களுக்குச் சொல்ல வேண்டும், இனிமேல் பெட்டி இன்ன விலாசத்தில் இருக்கும் என்று. அப்புறம்தான் பெட்டியை மாற்ற வேண்டும். உறவுக்காரர் ஒருத்தருக்கும் சொல்லாமல் வீடு மாறிப் போனவன்போலப் பெட்டி புது விலாசத்துக்குப் போய்விட்டது, நாற்பத்திரண்டு போன்களும் பழைய வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கின்றன. அவன் கம்ப்யூட்டரும் பழைய விலாசத்துக் கூட்டத்தில்தான் இருந்தது, ஆகவே மாற்றியவனாலேயே பெட்டியைப் பார்க்க முடியவில்லை. மாடியில் தன் மேஜையில் உட்கார்ந்து, திரையில் ஒரு சக்கரம் சுற்றுவதைப் பத்து நிமிஷம் வேடிக்கை பார்த்துவிட்டு, மடிக்கணினியையும் ஒரு ஒயரையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தான்.

கீழே வந்தால் பிலோமினா இருக்கிறாள். அவள் சாப்பிடப் போயிருப்பாள் என்று நினைத்திருந்தான், நினைத்தான் என்பதைவிட வேண்டிக்கொண்டான் என்பது சரி. அவளுக்குப் பார்வை கிடையாது, பிறவியிலேயே. பத்தொன்பது வருஷமாக இந்த ஆபீசின் ஆபரேட்டர். பொள்ளாச்சியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிடுகிற விவசாயிகள் கம்பெனிப் பெயரைச் சொல்வதில்லை, "அம்மிணிங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். யார் கிணற்றில் எத்தனை குதிரைத்திறன் மோட்டார், எந்த வருஷம் சுருள் எரிந்தது, யார் மகனுக்குக் கல்யாணம் நின்றுபோனது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆபீசில் எந்த எக்ஸ்டென்ஷனில் யார் என்பதைக் கேட்கவே வேண்டாம். புது போன் வந்தபோது அதன் பொத்தான்கள் தட்டையாக வழவழவென்று இருந்தன, விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அவள் யாரிடமும் குறை சொல்லாமல் மறுநாள் ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையோடு வந்து ஐந்தின்மேல் ஒரு பொட்டு, காத்திருக்க வைக்கிற பொத்தான்மேல் ஒரு பொட்டு, லைனை மாற்றிவிடுகிற பொத்தான்மேல் இரண்டு என்று ஒட்டிக்கொண்டாள். ஒரு வாரம் தடுமாறினாள், சில லைன்கள் தவறி ஸ்டோருக்கும் கேன்டீனுக்கும் போயின, முதலாளியின் சம்பந்தியைக் கேன்டீன் மாஸ்டர் "எத்தனை டீ?" என்று கேட்டதுதான் அதில் பெரிய கதை. அப்புறம் சரியாகிவிட்டது. சரியானதை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள், சம்பந்தி கதைதான் நின்றது. இப்போது அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள், ஒரு சத்தமும் இல்லாத ரிசீவர். அவன் உள்ளே வந்ததும் செருப்புச் சத்தத்தை வைத்தே, "நாச்சிமுத்து சாருங்களா?" என்றாள். "கொடுமுடியிலிருந்து ஒருத்தரு பேசிட்டிருந்தாருங்க. வாழைக்கு மூணு நாளாத் தண்ணி இல்லீங்களாம். சர்வீஸுக்குக் குடுக்கலாம்னு பொத்தானை அமுக்குனனுங்க, அப்படியே செத்துப்போச்சு. நான்தான் எதையோ மாத்தி அமுக்கிட்டனுங்களா?" அந்த நொடியில்தான் அவன் மாடியில் சேமித்திருக்கிறான், இங்கே அவள் பொட்டு வைத்த பொத்தானை அமுக்கியிருக்கிறாள், இரண்டும் ஒரே நொடி. அவன் என்ன சொன்னான்? "தெரியலீங்க மேடம், பாக்கறேன்" என்றான். வாழ்நாளெல்லாம் தெரியும் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், தெரிந்த ஒரே விஷயத்துக்குத் தெரியவில்லை என்று சொன்னான்.

அதுகூடப் பரவாயில்லை, அதற்கு முன்னாலேயே ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து போயிருந்தது. மாடியில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தபோது மேனேஜர் செல்லில் கூப்பிட்டார். "என்னங்க நாச்சிமுத்து, போனெல்லாம் செத்துப்போச்சு?" பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றான். "அந்தம்மா ஏதாச்சும் அமுக்கிட்டாங்களா?" இங்கே ஒரு இடைவெளி இருந்தது. ஒரு எச்சில் விழுங்குகிற நேரம்தான் இருக்கும், ஆனால் நினைத்து நினைத்து அதை இப்போது ஒரு கூடம் அளவுக்குப் பெரிதாக்கிவிட்டான், அந்தக் கூடத்தில் உட்கார்ந்து யோசித்து நல்ல மனுஷனாக வெளியே வந்திருக்க இடமிருந்தது. "இருக்கலாமுங்க சார்" என்றான். இருக்கலாம்! ஆமாம் என்று சொல்லவில்லை, அவள்தான் என்று சொல்லவில்லை, கோர்ட்டில் நிறுத்திக் கேட்டாலும் இருக்கலாம் என்பது பொய்யாகாது. பொய்யைக்கூடத் தைரியமாகச் சொல்லத் தெரியாதவன். மேனேஜருக்கு அது போதுமாக இருந்தது. "நான் அப்பவே சொன்னனுங்க. அந்தப் பெட்டியிலயே தானாப் பேசற குரல் இருக்குதல்ல, சர்வீஸுக்கு ஒண்ணை அமுக்கு, விற்பனைக்கு ரெண்டை அமுக்குன்னு? லைன் வந்தவுடனே அதைப் போட்டு விட்ருங்க. அந்தம்மாவை இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம். முதலாளிகிட்ட நான் சொல்லிக்கறேன்." சரிங்க சார் என்றான். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் அதற்கு ஒரு சின்னக் கட்டம், அதில் ஒரு டிக். பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு டிக். அவன் இரண்டு மாடி இறங்கி வருவதற்குள் மேனேஜர் அவளுடைய செல்லில் கூப்பிட்டு, "என்னம்மா அமுக்குனீங்க?" என்று கேட்டுவிட்டிருந்தார். கேள்வி வந்துவிட்டால் அவள் என்ன செய்வாள், தன் விரலைத்தான் சந்தேகப்படுவாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், இங்கே இரண்டும் ஒரே அறையில் நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்தன.

ஐம்பத்துநாலை அடித்துப் பார்த்தான். பதில் இல்லை. பதில் இல்லை என்றால் எண் தவறா, ஒயர் சரியாகச் செருகவில்லையா, பெட்டியே செத்துவிட்டதா? பெட்டியின் முதுகில் குண்டூசி நுழைகிற அளவு ஒரு துளை உண்டு, அதைக் குத்திப் பிடித்தால் எல்லாம் பிறந்தமேனிக்குத் திரும்பிவிடும், ஆனால் நாற்பத்திரண்டு பெயரும் எண்ணும் அழிந்துவிடும், அப்புறம் அந்த இன்ஜினீயரைத்தான் கூப்பிட வேண்டும், அவர் வந்து பார்த்தவுடனே கேட்பார், யார் சார் பாக்ஸை முதல்ல மாத்துனது என்று, பிலோமினா முன்னால், மேனேஜர் முன்னால். வியர்வை புருவத்தில் இறங்கியது. இதேபோல் ஒரு வியர்வை, மழையில் நனைந்துகொண்டே வியர்த்தது, ஊட்டியில். கல்யாணமாகி ஒன்பதாம் நாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து லாட்ஜுக்கு வழி தெரியுமா என்று சுகந்தி கேட்டாள். தெரியும் என்றான். புதுப் பொண்டாட்டியிடம் தெரியாது என்று எவன் சொல்வான். இரண்டு மணி நேரம் மேடும் பள்ளமுமாக நடந்தார்கள், அவள் பட்டுப்புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள், ஒரு தேயிலைக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார், நீங்க எறங்குன எடத்துக்கு எதுத்தாப்புலதானுங்க அந்த லாட்ஜு. சுகந்தி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இருபது வருஷமாக இன்னும் சொல்லவில்லை. சண்டை வந்த நாட்களில், அவன் அவளுடைய அம்மாவை இழுத்துப் பேசிய நாட்களில்கூட அவள் ஊட்டியை எடுத்ததில்லை, வைத்திருக்கிறாள். எங்கேயாவது வெளியூர் போனால் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் தானாகவே போய் ஒரு ஆட்டோக்காரரிடம் வழி கேட்டுவிட்டு வருவாள், அவ்வளவுதான். பிலோமினாவும் ஒன்றும் சொல்லமாட்டாள். இந்த மாசத்தோடு நிறுத்திவிட்டால், பையை எடுத்துக்கொண்டு, தடியைத் தட்டிக்கொண்டு, எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போவாள், அவனிடம் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லிவிட்டுப் போவாள். வீட்டில் அம்மாவும் ஒரு தங்கையும் அவளை நம்பி. அதெல்லாம் தெரிந்துதான் "இருக்கலாமுங்க" என்று சொன்னான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இவன் அதற்கும் மேலே, கூடத்தில் இருந்தவளைக் கோணல் என்றுவிட்டான்.

நாற்பத்தைந்து. அடித்தான். கதவு திறந்தது. புது எண் தகடுதான், தபால்காரருக்குச் சொல்ல வேண்டும் என்று பைத்தியம்போல ஒரு நினைப்பு ஓடியது. அமைப்புப் பக்கம் வந்தது, விலாசம், போன்கள், நேரம், கடைசியில் நடவடிக்கைப் பதிவு. அதில் ஒரே ஒரு வரி: இன்ன நேரம், விலாசம் மாற்றப்பட்டது, மாற்றியவர் நாச்சி. அவன் உள்ளே நுழைவதற்கு அந்த இன்ஜினீயர் கொடுத்த பெயர். முழுப்பெயரைப் போட்டிருந்தாலாவது வேறொருவன் மாதிரி இருந்திருக்கும், இது வீட்டில் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அழித்துவிடலாமா? அழிக்கிற பொத்தான் பக்கத்திலேயே இருக்கிறது. விரல் அந்தப் பக்கம் போனது, போனதை அவன் பார்த்தான். அழிக்கவும் வேண்டியதில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. மேனேஜருக்கு இந்தப் பக்கம் இருப்பதே தெரியாது, முதலாளிக்குத் தெரியாது, கம்பெனியில் இந்த வரியைத் தேடிப் படிக்கக்கூடியவன் அவன் ஒருத்தன்தான். அவ்வளவு பத்திரமான இடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் இவ்வளவு பயந்துகொண்டிருக்கிறான். வரியை அப்படியே விட்டுவிட்டுப் பழைய விலாசத்தை அடித்தான், இந்தத் தடவை சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு. காலையில் எங்கே இருந்ததோ அங்கேயே திரும்பப் போகிறது, செய்த வேலை ஒன்றுமில்லை. பெட்டி அணைந்து மறுபடி எழ ஆறு நிமிஷம், அப்புறம் ஒவ்வொரு போனாக வந்து சேரக் கொஞ்ச நேரம். பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது.

"எத்தனை நேரமாகுமுங்க?" என்றாள் பிலோமினா. சொன்னான். "அப்ப நீங்க சாப்புடலீங்கல்ல?" டப்பாவைத் திறக்கிற சத்தம். தக்காளிச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். மூடியில் பாதிக்கு மேல் போட்டு, அவன் இருக்கிற திசையைச் சரியாகக் கணித்து நீட்டினாள். வேண்டாம் என்றான். "என்னாலதான் உங்க சாப்பாட்டு நேரமும் போச்சுங்க, இதையாவது சாப்புடுங்க" என்றாள். வாங்கிக்கொண்டான். திருடனுக்குத் தேள் கொட்டினால் வாயைத் திறக்கவா முடியும், இவன் வாயைத் திறந்து தக்காளிச் சாதத்தைப் போட்டுக்கொண்டான். நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்பதுதான் அவமானமாக இருந்தது, நாக்குக்கு வெட்கம் கிடையாது, இரண்டாவது வாயும் வேண்டும் என்றது. அவள் சாப்பிடாமல் கொடுமுடிக்காரரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள், அவர் பெயர் கேட்பதற்குள் போய்விட்டது, நம்பரும் வாங்கவில்லை, கோபித்துக்கொண்டு வேறு கம்பெனிக்காரரைக் கூப்பிட்டிருப்பார், வாழை தாங்காதுங்க சார் மூணு நாளு. இப்போது சொல்லிவிடலாம். அறையில் வேறு யாருமில்லை. மேடம், அது நான்தான். நாலு வார்த்தைகூட இல்லை. சொன்னால் அவள் எழுந்து கத்தமாட்டாள், அப்படிங்களா என்பாள். அந்த அப்படிங்களாவைத்தான் அவனால் கேட்க முடியாது. அதற்கப்புறம் மாடி ஏற வேண்டும், மேனேஜர், முதலாளி, செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் இருந்த எல்லாரும், நானே பண்ணிப்போடறேன் என்றாயே. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போய் எல்லாவற்றையும் கிளறுவார்கள். அவன் கம்ப்யூட்டர் படித்தவனே இல்லை, ஸ்டோரில் கணக்கு எழுத வந்தவன், ஒருநாள் பிரின்டரில் மாட்டிய காகிதத்தை எடுத்துவிட்டதற்காகக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றப்பட்டவன். பதினேழு வருஷமாக எடுத்துக்கொண்டிருப்பது அந்தக் காகிதத்தைத்தான். மூடியைக் கழுவிக்கொண்டு வந்து கொடுத்தான்.

பச்சை விளக்கு வந்தது. அவளுடைய போன் ஒரு முறை கீச்சென்றது, அவள் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, "வந்துருச்சுங்க!" என்றாள், குழந்தை பிறந்த செய்தி சொல்கிற குரலில். "ஒவ்வொருத்தருக்காப் போட்டுப் பாத்துர்றனுங்க சார், எங்கயாச்சும் விட்டுப்போயிருந்தாத் தெரியுமல்ல." நல்லதுதான், எப்படியும் சோதிக்க வேண்டியதுதான், அவன் அதைத்தான் அவளைச் செய்யச் சொல்லவிருந்தான். மணி இரண்டு, எல்லாரும் இருக்கைக்குத் திரும்பியிருந்தார்கள். பொட்டைத் தடவி எண்களை அழுத்தினாள், நூற்றியொன்று, கேட்டில் வாட்ச்மேன். "கருப்பண்ணண்ணா, பிலோமினா பேசறனுங்க. லைன் கேக்குதுங்களா? மன்னிச்சுக்குங்கண்ணா, என் கைதான் தவறிப்போச்சு." வைத்தாள். நூற்றியிரண்டு, ஸ்டோர். "லைன் கேக்குதுங்களா? மன்னிச்சுக்குங்க, நான்தான் எதையோ மாத்தி அமுக்கிட்டேன்." நூற்றி மூன்று. நாச்சிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்தபடி ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான். இரண்டு சுற்றுதான் சுற்றினான். அவள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், உறவு வைத்துக் கூப்பிட்டாள், ஒவ்வொருவரிடமும் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டாள். சிலர் பரவாயில்லைக்கா என்றார்கள், சிலர் சிரித்தார்கள், கேன்டீன் மாஸ்டர் எத்தனை டீ என்று கேட்டிருப்பார் போலிருக்கிறது, அவளும் சிரித்தாள். டெஸ்பாட்சில் யாரோ கொஞ்சம் நீளமாகப் பேசினார்கள், அவள் "சரிங்க, சரிங்க, இனிமே பாத்து அமுக்கறனுங்க" என்றாள். நிறுத்துங்க என்று சொல்ல வேண்டும். இந்த அழைப்பு முடியட்டும், சொல்லிவிடலாம். பதினொன்று. இது முடியட்டும். பதினெட்டு. இத்தனை பேரிடம் சொன்ன பிறகு நிறுத்தினால் என்ன, நிறுத்தாவிட்டால் என்ன என்று ஒரு நியாயம் வந்தது, எல்லா நியாயமும் அவன் பக்கமே வந்தது. இருபத்தாறாவது மேனேஜர். அவரிடமும் அதையே சொன்னாள், கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள், வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஏதோ ஒரு வேலை பாக்கியிருக்குதாம் சார், அதை இப்பவே முடிச்சுப்போடச் சொன்னாருங்க உங்களை." மடிக்கணினித் திரையில் அந்தப் பக்கம் திறந்தே இருந்தது, சின்னக் கட்டம் காலியாக இருந்தது. "ஆகட்டுங்க" என்றான். அவள் இருபத்தேழாவது எண்ணுக்குப் போனாள்.

நாற்பது முடிந்தது. நாற்பத்தோராவதை அழுத்தி, ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. மேலே, இரண்டாம் மாடியில், ஆளில்லாத மேஜையில் அடிப்பது அவனுக்கு இங்கேயே கேட்பதுபோல இருந்தது. அவள் சிரித்துக்கொண்டே ரிசீவரை வைத்தாள். "பாருங்க, உங்க நம்பருங்க சார் அது. நீங்கதான் இங்க இருக்கீங்களே." பிறகு சிரிப்பை நிறுத்தி, முகத்தை அவன் பக்கம் திருப்பி, மற்றவர்களிடம் சொன்ன அதே குரலில் சொன்னாள்: "மன்னிச்சுக்குங்க சார். என்னாலதான் உங்களுக்கு இத்தனை சிரமம்."

"பரவால்லீங்க" என்றான் நாச்சிமுத்து.

வாய் தானாகச் சொன்னது. யாராவது மன்னிப்புக் கேட்டால் சொல்கிற வார்த்தை, பஸ்ஸில் காலை மிதித்தவருக்குச் சொல்கிற வார்த்தை. சொன்ன வார்த்தை அறையில் நின்றது. அவளை மன்னித்துவிட்டான். செய்தவன் செய்யாதவளைப் பெரிய மனதோடு மன்னித்துவிட்டான். காது மடலிலிருந்து கழுத்துவரை சூடு இறங்கியது, ஸ்டூலில் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை, இந்த உடம்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. மேனேஜர் என்ன செய்வார், முதலாளி என்ன சொல்வார் என்பதெல்லாம் அந்தச் சூட்டுக்கு முன்னால் சின்னதாகப் போய்விட்டது. நல்லவனாகிவிடவில்லை அவன், தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"மேடம், நீங்க ஒண்ணும் அமுக்கலீங்க. நான்தான். மேல உக்காந்து விலாசத்தை மாத்துனேன், எனக்கு அந்தப் பெட்டியைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்க. மேனேஜர் கேட்டப்ப நீங்களா இருக்கலாம்னு சொன்னதும் நான்தான். பாக்கி வேலைன்னாரல்ல, உங்களுக்குப் பதிலா மெஷின் குரலைப் போட்டு உட்ரச் சொன்னாரு. இந்த மாசத்தோட உங்களை..."

அவள் அப்படிங்களா என்று சொல்லவில்லை. சாப்பிடாத டப்பாவை மூடி, மூடி சரியாக உட்கார்ந்ததா என்று சுற்றிலும் விரலால் அழுத்திப் பார்த்தாள். கண்ணோரம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு ரிசீவரை எடுத்து மூன்று எண்களை அழுத்தி அவனிடம் நீட்டினாள். மேனேஜருடைய எண் என்பது அவர் குரல் வந்த பிறகுதான் தெரிந்தது. "என்னம்மா மறுபடி?" என்றார் அவர். நாச்சிமுத்து பேசறனுங்க என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான், இருக்கலாமுங்க என்று சொன்னதையும் சேர்த்து, அந்த டிக்கை நான் போடலீங்க சார், போடமாட்டனுங்க என்பதையும் சேர்த்து. "முதலாளிகிட்ட என்னன்னு சொல்லிவச்சிருக்கறேன் தெரியுமுங்களா? அந்தம்மா விஷயத்தை இப்போதைக்கு விடுங்க. நீங்க மேல வாங்க" என்றார், வைத்துவிட்டார்.

அவன் மடிக்கணினியை மூடிக் கையில் எடுத்துக்கொண்டான். சொல்லியாகிவிட்டது, இனி நடப்பது நடக்கட்டும் என்று நெஞ்சில் லேசாக ஒரு காற்றுகூட வீசத் தொடங்கியது. கதவுக்கு இரண்டு எட்டு வைத்திருப்பான்.

"எங்கீங்க போறீங்க? உக்காருங்க சார்" என்றாள் பிலோமினா. பத்தொன்பது வருஷத்தில் அந்தக் குரலை அவன் கேட்டதில்லை. "இன்னும் முப்பத்தொம்பது பேரு இருக்கறாங்க."

உட்கார்ந்தான். அவள் பொட்டைத் தடவி நூற்றியொன்றை அழுத்தி ரிசீவரை நீட்டினாள், கேட்டில் கருப்பண்ணன் எடுத்து, "சொல்லுங்கம்மிணி" என்றார்.